துரு அக்காவும் பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் வாளும்

அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பிரிவைத் தவிர அது யாருக்கும் ஞாபகம் இல்லை. காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் துரு அக்கா. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊழியர் ஒருவர் பழைய ஈட்டி ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார். அவரை இவர் பிடித்த பிடி இன்னமும் அங்கே பேச்சு. “துருவைத் தேய்ச்சு எடுத்துட்டீங்களே! அதுதானேய்யா இதோட வாய்! இனிமே இதோட வயசை நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?” என்று போட்ட சத்தத்தில், மாடியில் இருந்த நாணயப் பிரிவுக்காரர்கள் திருட்டு நடந்துவிட்டது என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்களாம். அன்றைக்கு ஒட்டிய பெயர். அவரும் அதைக் கழற்ற முயலவில்லை.

அவரிடம் இல்லாத சொல் ‘இருக்கலாம்’. ஒரு வாளைக் கொண்டுபோய் நீட்டினால் ‘ஆமாம்’ என்பார், ‘இல்லை’ என்பார், அல்லது ‘இன்னும் பாக்கல’ என்பார். சிலருக்கு இது பிடிப்பதில்லை. கூடத்துச் சுவரில் மாட்டி வைத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் அரசர் காலத்து வாள் என்று அளந்துகொண்டிருந்ததை ‘நாடகத்துக்குச் செஞ்சது, வெறும் தகடு’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. பிடிப்பதற்காகச் சொல்ல வேண்டுமானால் பூக்கடை வைத்திருப்பேன் என்பார்.

அவர் கணவர் பல் மருத்துவர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கி என்று அவர் கழித்துப் போடுவதெல்லாம் மறுநாள் துரு அக்காவின் மேசைக்கு வந்துவிடும். “நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதான். என் ஆளுங்க வலிக்குதுன்னு சொல்லுவாங்க, உன் ஆளுங்க சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்” என்று அவர் கிண்டல் செய்வார். வாளின் அலகு கைப்பிடிக்குள் மறைந்து போகிற அந்த அடிப்பாகத்தை இவர் ‘வேர்’ என்று சொல்லப் பழகியதும் அவரிடமிருந்துதான். வேரைப் பார்க்காமல் வயசு சொல்லக் கூடாது என்பது இவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர், படுக்கை விரிப்பில் சுற்றிய வாளோடும், அதன் சொந்தக்காரரான ஓட்டுநரோடும் வந்து நின்றார். ஓட்டுநர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட. ஆனால் அன்றைக்கு இரண்டுமே தொங்கிப் போயிருந்தன.

“மேடம், இவரு தன்னோட பிறந்தநாளுக்கு இந்த வாளால கேக் வெட்டியிருக்காரு. அதைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க. அது சுத்திச் சுத்திப் பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்புக்கே வந்து சேர்ந்துடுச்சு. ‘நம்ம பிள்ளைங்க பஸ் டிரைவரு கையில வாளா?’ன்னு ஒரே ரகளை” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கேக்கைத்தானே சார் வெட்டினேன்” என்றார் ஓட்டுநர் பரிதாபமாக.

சட்டம் தெளிவாக இருந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வாள் என்றால் அது பழம்பொருள். பதிவு செய்துவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவு என்றால் உரிமம் இல்லாத ஆயுதம், தண்டனை நிச்சயம். ஆயுத வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரைக் குழந்தைகள் பேருந்தில் எந்தப் பள்ளியும் ஏற்றாது. ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் இந்தப் பிரிவிடம் கருத்துக் கேட்டிருந்தார். ஆக, அந்த மனிதரின் பிழைப்பு முழுவதும் இந்த இரும்புத் துண்டின் வயதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்க கொள்ளுத்தாத்தா படைத்தலைவர், மேடம். அவரு இடுப்புல இருந்த வாள் இது. அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஒரு ஆணிகூட மாத்தல” என்றார் ஓட்டுநர்.

“அப்படியேதான் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காரு” என்று இன்ஸ்பெக்டர் சேர்த்துச் சொன்னார்.

துரு அக்கா விரிப்பைப் பிரித்தார். பிரித்ததும் அவருக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அலகு முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னியது. “இதை யாருங்க இப்படித் தேச்சது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“நான்தான் மேடம். வாராவாரம் தேய்ப்பேன். எங்கப்பாவும் தேய்ப்பாரு” என்றார் ஓட்டுநர், பாராட்டு வரப்போகிறது என்ற நம்பிக்கையில்.

வரவில்லை. குடும்பமே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து சாட்சியை அழித்திருக்கிறது. இதற்கு என்னத்தைப் பாராட்டுவது? அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு வாளைத் தூக்கிப் பார்த்தார். பாரம் கையோடு ஒட்டி நின்றது, முன்னால் இழுக்கவில்லை. பிறகு அளவுக் கருவியை எடுத்து அலகின் தடிமனை அடியிலிருந்து நுனி வரை அளந்துகொண்டே போனார். அடியில் தடித்து, நுனியை நோக்கிச் சீராக மெலிந்துகொண்டே வந்தது. அலங்கார வாள் என்றால் தகட்டிலிருந்து வெட்டியிருப்பார்கள், எங்கே அளந்தாலும் ஒரே தடிமன்தான் இருக்கும். இது உலையில் காய்ச்சி, தட்டி இழுத்த அலகு. நடுவில் ஓடிய பள்ளத்தின் விளிம்புகள் தேய்ந்து தேய்ந்து சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. அந்த மழுங்கலுக்கு ஓட்டுநரும் அவர் அப்பாவும் மட்டும் போதாது, அதற்கும் முன்னால் யாரோ தேய்த்திருக்க வேண்டும்.

எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் கைப்பிடி சொன்னது வேறு கதை. விரல்களுக்கு மறைப்பாகப் பித்தளைக் காப்பு, கறுப்பு மரப் பிடி, அடியில் வழவழப்பான பித்தளைத் தொப்பி. அழகென்றால் அப்படியொரு அழகு. துரு அக்கா பல் கண்ணாடியைக் காப்பின் உள்பக்கமாக விட்டுப் பார்த்தார். உள்ளே மெல்லிய வளையம் வளையமாகக் கோடுகள். லேத் எந்திரத்தில் கடைந்த வேலை. அதுவும் நேற்று முன்தினம் கடைந்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

“இந்தக் கைப்பிடி யார் செஞ்சது?”

“கொள்ளுத்தாத்தா காலத்துது மேடம்.”

“அண்ணா, எனக்கே காது குத்தாதீங்க. இது லேத்ல கடைஞ்சது. இதுக்கு அஞ்சாறு வயசுக்கு மேல கிடையாது.”

ஓட்டுநர் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப வாளும் புதுசுதான், இல்லீங்களா?”

“கைப்பிடி புதுசு. வாள் இன்னும் பாக்கல.”

“முக்காவாசி பாத்துட்டீங்களே மேடம். இதுவரைக்கும் பாத்ததை வெச்சு ஒரு வார்த்தை சொன்னா…”

“நல்ல கொல்லன் ஒருத்தன் கிடைச்சா இதே மாதிரி இன்னைக்கும் தட்டிக் குடுப்பான். அவனால பொய் சொல்ல முடியாத இடம் ஒண்ணுதான், வேர். தேய்க்கிறப்ப இவங்க கை படாத இடமும் அதுதான். கைப்பிடியைக் கழட்டணும்” என்றார் துரு அக்கா. “இதை யார் செஞ்சாங்களோ அவங்க கெட்டிக்காரங்க. ஆணி இல்ல, மரை இல்ல, எங்க பிடிச்சுத் திருகுறதுன்னே தெரியல. நான் துளை போட்டுத் திறந்தா உள்ள வேர் கீறிடும். அப்புறம் நானும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. செஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

ஓட்டுநர் கையைப் பிசைந்தார். அப்படியே எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். இப்படி ஒரு மனிதரை துரு அக்கா பார்த்ததில்லை. வேலை போகிறது, தண்டனை வரப்போகிறது, தப்பிக்கிற வழியைச் சொன்னால் எழுந்து ஓடுகிறாரே! பின்னாலேயே போய்ப் பிடித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. பழைய கைப்பிடி மரம் உளுத்துக் கையோடு வந்துவிட்டதாம். அவருடைய மகள் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டுகிறாள். அப்பாவின் பெருமை ஆயிற்றே என்று வேலை நேரம் முடிந்த பிறகு தங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைச் செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பிறந்தநாளில் சொந்தக்காரர் ஒருவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, ‘ஆகா, என்ன வேலைப்பாடு! யார் செஞ்சது?’ என்று கேட்டிருக்கிறார். மகள் கேக் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவர் மீசையை முறுக்கிக்கொண்டு, ‘கொள்ளுத்தாத்தா காலத்துது, இப்ப எவனால இப்படிச் செய்ய முடியும்?’ என்று அள்ளி விட்டிருக்கிறார். மகள் தட்டை வைத்துவிட்டுப் போனவள்தான். பட்டறைப் பக்கம் தோழி வீட்டில் இருக்கிறாள். இவர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

“ஒரு பேச்சுக்குச் சொன்னது மேடம். அவ முகத்தைப் பாத்ததும் தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா சபையில சொன்னதை எப்படி மாத்துறது?”

“மாத்தாம இருந்ததாலதான் ஸ்டேஷன்லயும் அதையே எழுதிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார் துரு அக்கா. கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. மீசையை விடப் பெரிய பொய் எதற்கு இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டார். “பொண்ணோட போன் நம்பரைக் குடுங்க. நானே பேசுறேன்.”

மகள் வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த நீல உடை, தோளில் கருவிப் பை. வந்து மேசை எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கைப்பிடி எப்படித் திறக்கும் என்று துரு அக்கா கேட்டார்.

“எனக்கு எப்படிங்கக்கா தெரியும்? இது கொள்ளுத்தாத்தா காலத்துதாச்சே. இப்ப எவனால இப்படிச் செய்ய முடியும்?”

இன்ஸ்பெக்டர் இருமினார். துரு அக்கா ஓட்டுநரைப் பார்த்தார். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டியவர் வேறு ஒருவர் என்று அவருக்குத் தெரியும்.

ஓட்டுநர் எழுந்தார். “நீ செஞ்சதும்மா” என்றார் மெதுவாக.

“காதுல விழல.”

“என் பொண்ணு செஞ்சது” என்றார் உரக்க. “இன்ஸ்பெக்டர் சார், எழுதிக்குங்க. நான் குடுத்த வாக்குமூலம் பொய். அந்தக் கைப்பிடி முழுக்க என் பொண்ணு செஞ்சது.”

மகள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். பையிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துக் காப்புக்கு அடியில், நிழல் விழும் இடத்தில், கண்ணுக்கே தெரியாத துளைக்குள் அழுத்தினாள். உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. தொப்பியை வழக்கமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினாள். மரப்பிடி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே இரண்டு பாதியாகச் செய்த பித்தளைக் குழல் வேரை அணைத்துக்கொண்டிருந்தது. அதையும் மெல்லப் பிரித்து வைத்தாள்.

“வேர்ல அரம் போடலயா?” என்று துரு அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இல்லக்கா. பழைய இரும்பு. அதைத் தொட எனக்கு மனசு வரல. அதுக்கேத்த மாதிரி நான்தான் குழலை மாத்தி மாத்திக் கடைஞ்சேன்.”

துரு அக்காவின் உச்சி குளிர்ந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் எத்தனையோ பேரிடம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத பாடத்தை, யாரும் சொல்லாமலே இந்தப் பெண் செய்திருக்கிறாள். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டார்.

வேர் கறுத்துக் கிடந்தது. தொட்டால் உதிரும் செந்துரு இல்லை. இரும்போடு இரும்பாக ஊறிப்போன கறுப்புத் துரு. அதன் ஓரத்தில் கடுகளவு இடத்தை மட்டும் சுத்தம் செய்து ஒரு துளி அமிலம் வைத்தார். காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் மரக்கட்டையில் தெரிகிற மாதிரி நார் நாராகக் கோடுகள் எழுந்தன. கொஞ்சம் மேலே, அலகு தொடங்கும் இடத்தில், சாய்வாக ஒரு ஒட்டு.

“பாத்துக்குங்க சார்” என்று இன்ஸ்பெக்டரிடம் பூதக்கண்ணாடியை நீட்டினார். “அலகு எஃகு. வேர் நார் இரும்பு. எஃகு கிடைக்காத காலத்துல, வெட்டுற பாகத்துக்கு மட்டும் எஃகு வெச்சு, கைக்குள்ள போற பாகத்துக்குச் சாதா இரும்பை ஒட்டுவாங்க. எஃகு மலிஞ்ச பிறகு எந்தப் பட்டறையும் இந்த வேலைக்கு மெனக்கெடல.”

ஒட்டுக்குக் கீழே நகத்தளவு முத்திரை ஒன்றும் இருந்தது. ஆந்தை. துரு அக்காவுக்கு அந்த ஆந்தை பழைய சிநேகிதம். குளிர் மிகுந்த மலைநாடு ஒன்றில் இருந்த பட்டறையின் அடையாளம். வெறும் அலகாகச் செய்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் அவரவர் கைப்பிடி போட்டுக்கொள்வார்கள். கண்ணை விரித்துப் பார்க்கும் ஆந்தை பிந்தியது. இந்த ஆந்தை கண்ணை மூடியிருந்தது. இந்த நீளத்தில், இந்த வளைவில் அவர்கள் செய்தது தபால் வண்டிக் காவலர்களுக்கு.

“நூத்தம்பது வருஷத்துக்குக் கீழ இல்ல” என்றார். “ஆனா படைத்தலைவர் வாள் இல்ல அண்ணா. தபால் வண்டியில முன்னால உக்காந்து போற காவல்காரர் வாள்.”

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “வண்டித் தொழில் உங்களுக்குப் பரம்பரைன்னு சொல்லுங்க!” ஓட்டுநரும் அசடு வழியச் சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தி, கைப்பிடி விவகாரத்தை அறிக்கையில் எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் சுலபம், எல்லாமே பழசு என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே என்றார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார்.

“முடியாது. புதுசைப் பழசுன்னு ஒரு தடவை எழுதினா, நான் பழசுன்னு எழுதினதை அப்புறம் எவன் நம்புவான்?” என்றார் துரு அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீதிமன்றத்தில் மின்விசிறி மட்டும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் அறிக்கையைப் படித்துவிட்டு, “இது எவ்வளவு தூரம் நிச்சயம்?” என்று கேட்டார்.

“நிச்சயம்ங்க ஐயா. வேரைப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

“கைப்பிடி புதுசுன்னா, வாளும் புதுசுதான்னு எடுத்துக்கலாமே?”

“நீங்க புதுச் சட்டை போட்டுட்டு வந்தா உங்க வயசு குறையுமாங்க ஐயா?”

கேட்டுவிட்டு துரு அக்காவே நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று பிறகு இன்ஸ்பெக்டர் சத்தியம் செய்தார். தீர்ப்பு சுருக்கமாக வந்தது. அலகு பழமையானது, கைப்பிடி புதியது, வாள் பழம்பொருளே, குற்றம் ஏதும் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டும், ஓட்டுநர் வேலைக்குத் திரும்பத் தடை இல்லை. பொய் வாக்குமூலத்தைத் தானே திருத்திக்கொண்டதால் எச்சரிக்கை மட்டும். தட்டச்சர் அடித்து முடித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

ஓட்டுநர் நகரவில்லை.

“உங்க வழக்கு முடிஞ்சுது. நீங்க போகலாம்.”

“ஐயா, ஒரு நிமிஷம். கைப்பிடி புதுசுன்னு மட்டும் போட்டிருக்கு. யார் செஞ்சதுன்னு போடலீங்களே.”

“அது வழக்குக்குத் தேவையில்லையே.”

“எனக்குத் தேவைங்க ஐயா” என்றார் ஓட்டுநர். “ஊரைக் கூட்டி வெச்சுப் பொய் சொன்னேன். இது என் பொண்ணு செஞ்சது. திறக்கிற இடம் இந்த மேடத்துக்கே தெரியல. பழைய இரும்புல ஒரு கீறல் விழல. அதை எங்கயாவது எழுதணும் ஐயா.”

மாஜிஸ்திரேட் தட்டச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பொண்ணு பேரு?”

ஓட்டுநர் சொன்னார். தட்டச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். ஓட்டுநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, மகளின் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பின் வரிசையில் நீல உடையில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த துரு அக்கா அவள் தோளில் கை வைத்தார். வைத்த பிறகுதான் தன் கன்னமும் நனைந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.